சிவப்பாக இருக்கவேண்டிய வரி

பொதுவாக அடுத்தவர் எழுத்தில் நான் கைவைப்பதில்லை, சார். இதிலும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி என் அக்கா கணவர். வாராவாரம் அவர் அனுப்பும் அறிக்கையை ஸ்லைடுகளாக்குவது நான் எழுதிய புரோகிராம். மேலாளர் எதையும் முழுதாகப் படிக்கமாட்டார். சிவப்பில் இருந்தால் பேசுவார், கறுப்பில் இருந்தால் "அடுத்தது" என்பார். ஆகவே அத்தான் "அவசரம்" என்று குறித்த வரிகளை என் புரோகிராம் சிவப்பாக்கித் தடிமனாக்கும்.

அதற்கு நான் பயன்படுத்தும் லைப்ரரியில், அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பில், ஒரு பத்தி பல துண்டுகளாக இருக்கும். நிறமும் தடிமனும் துண்டுக்குத்தான் சொந்தம். துண்டு துண்டாக எழுதினால் நிறம் நிற்கும். பத்தியை மொத்தமாக மாற்றி எழுதினால் நிறம் போய், வெறும் எழுத்து மிஞ்சும். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. நானும் முதல் வாரத்தில் செய்து, திருத்திக்கொண்டேன்.

அக்கா வீட்டு விருந்தில், பத்துப் பேர் நடுவில் அத்தான் என்னை அறிமுகப்படுத்தினார்.

"நம்ம மச்சான்தான். நான் எழுதுறதுக்குக் கலர் அடிக்கிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மறுநாள் புரோகிராமிலிருந்து அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டேன்.

பாய்லரின் பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது, உடனே நிறுத்தவேண்டும் என்று மூன்று வாரம் எழுதினார். மூன்று வாரமும் அது கறுப்பில் போனது. மேலாளர் "அடுத்தது" என்றார். நான்தான் ஸ்லைடைத் தள்ளினேன்.

நான்காவது வாரம் அத்தான் என் மேசைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏம்ப்பா, நான் எழுதுறது ஸ்லைடுல வருதா? ஒருத்தரும் வாயே திறக்கலையே."

"வருது அத்தான். ஒரு எழுத்துகூட விடலை."

"அப்ப நானே போய் நிறுத்த வேண்டியதுதான்" என்று இறங்கிப் போனார். இருபது நிமிடத்தில் பாய்லர் வெடித்தது. அவரோடு ஐந்து பேர்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் திருத்தத்தைத் திரும்பப் போட்டு, மூன்று வாரத்து ஸ்லைடுகளையும் மறுபடி உருவாக்கினேன். நீங்கள் பார்த்தவை அவைதான். சிவப்பில் கண்ணெதிரே இருந்தும் கண்டுகொள்ளவில்லை என்று மேலாளரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரும் அவ்வளவு யோக்கியரில்லை, இருக்கட்டும்.

அக்கா நிம்மதியாகத்தான் இருக்கிறாள். புருஷன் கடமையில் குறை வைக்கவில்லை என்று ஊரே பேசுகிறதே. அதற்கும் அந்தச் சிவப்பு வரிதான் சாட்சி.

அவர் சாகவேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை, சார். வால்வு இறுகியது தெரியும், வெடிக்கும் என்பதும் தெரியும். ஆனால் அன்று என் மேசை முன்னால் நின்றவர், நீ இல்லாமல் என் எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்ல மனமில்லாமல் போய்ச் சேர்ந்தவருக்கு நான் என்ன செய்ய முடியும்?