சத்தம் கேட்காத அறை

விருதுநகரிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவி மடியில் கைக்குழந்தை. கணவர் காலடியில் ஒரு கட்டு முட்டை அட்டை.

“முட்டை அட்டையை ஒட்டுனா ரூம் சுவத்துல பல்லிதான் குடியிருக்கும். சத்தம் எப்படி நிக்கும்?” என்றார் மனைவி.

“யூடியூப்ல அப்படித்தான சொன்னான்.”

“கடைக்காரரு என்ன சொன்னாரு? உள்ள எதிரொலிக்கிறதைத்தான் கொறைக்கும், வெளிய இருந்து வர்ற சத்தத்தைத் தடுக்காதுன்னாரா இல்லையா? சீக்கிரம் தீப்பிடிக்கும்னாரு. அதுக்குப் பெறகும் வாங்கியிருக்கீக.”

“சரி, அவரு சொன்ன, சத்தம் தடுக்குற ராக்வுல் பஞ்சையே வச்சு, மேல ஜிப்சம் போர்டு அடிச்சிருவோம். கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை. வீட்டுப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில வெடி டெஸ்ட் பண்ணுறப்பல்லாம் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுது. அதுக்குத்தான பாக்கேன்.”

“அதுவும் வேண்டாம்.”

“எதைச் சொன்னாலும் வேண்டாங்கிற. ஒனக்கு என்னதான் வேணும்?”

மனைவி குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினார்.

“நீங்க அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போன பெறகு, நாள் முழுக்க நானும் அந்த ரூமுலதான் இருக்கணும். அங்கன ஏதாச்சும் வெடிச்சா எனக்குக் கேக்க வேண்டாமா?”

கணவர் அட்டைக் கட்டைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

“டெஸ்ட் பண்ணுறதுக்கு முன்னாடி ஒனக்குப் போன் பண்ணச் சொல்லி ஆபீஸ்ல கேக்கேன். நீ பிள்ளை காதைப் பொத்திக்க,” என்றார்.

“போன் வராம வெடிச்சா?”

“அப்ப அது டெஸ்ட் இல்ல. ஓடி வா.”