கொழுப்பில்லாத பன்றி

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பன்றி வளர்ப்பவர் ஒருவரும் அவர் ‘பாவா’ என்று கூப்பிட்ட அக்கா புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பன்னி எளைக்கல பாவா, அத்தினியும் சதை. சதை வெக்கும்னு தீனியில லைசின் பொடி கலந்தேன்.”

“கிறிஸ்துமஸுக்குக் கறி சொன்னவங்க?”

“வந்து பாத்தாங்க. ‘கொழுப்பே இல்லியே, பன்னிக்கறிய எண்ணெ ஊத்தியா வறுப்பாங்க?’ன்னு போய்ட்டாங்க. இப்ப பொடிய நிறுத்திட்டு ஓட்டல் மிச்ச சோறு போட்டுகினு கீறேன்.”

“பொடி மீதி இருக்குமே?”

“ஆங், நான்தான் மோர்ல கலந்து குடிச்சிகினு கீறேன். டாக்டர் கொழுப்பக் கொறைக்கச் சொன்னாரே.”

பாவா பன்றிக்காரரின் தொப்பையை ஒருமுறை பார்த்தார்.

“பன்னிக்கு நல்லா கேட்டுது பாவா,” என்றார் பன்றிக்காரர்.