டர்போ காருக்கு நிட்டிங் ஆயில்

மண்ணரை டவுன் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. என் காலை மிதித்தவனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு பனியன் கம்பெனி டிரைவர் தன் கூட வந்த மெக்கானிக்கிடம் சொன்னது காதில் விழுந்தது.

"டர்போ காருக்கு, பனியன் துணி பின்னற நிட்டிங் மிஷின் ஆயிலை ஊத்தச் சொன்னாருங்கண்ணா எங்க முதலாளி."

"அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கா?"

"ஆமாங்க. துணியில பட்டாக்கூட கறை நிக்காத ஆயிலு, இஞ்சினுக்கு ஆகாதாங்கறாரு. ஃபில்டரும் கம்பெனி வேனோடதே போதுமாம், திருகி மாட்டற மரை ரெண்டுக்கும் ஒண்ணுதானேங்கறாரு."

"டர்போ சூட்டுக்கு அது தண்ணியாட்ட ஓடிருமே கண்ணு! கெட்டியான சிந்தெடிக் ஊத்தோணும், காருக்குண்டான ஃபில்டர் போடோணும். இஞ்சின் போனா உன்ற வேலையும் போயிரும்."

"அதனாலதானுங்க நல்ல ஆயிலை நிட்டிங் ஆயில் கேன்ல மாத்தி, அவரு முன்னாலயே ஊத்தினேன். நல்ல ஃபில்டரும் போட்டுட்டேன். குண்டடம் வரைக்கும் பறந்தோமுங்க!"

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கண்ணா. கார் ஓடின ஓட்டம் நிட்டிங் ஆயிலாலதான்னு நம்பி, நாளைக்குக் கம்பெனி வேன் ஏழுக்கும் அவரே நிட்டிங் ஆயில் ஊத்தப் போறாரு. நீங்க வந்தீங்கன்னா, ஸ்டோர்ல இருக்கற கேன் அத்தனையிலயும் இஞ்சின் ஆயிலை மாத்தி வெச்சரலாமுங்க."

"மாத்தலாம். அதே கேன்ல இருந்துதானே நிட்டிங் மிஷினுக்கும் ஊத்துவாங்க? அத்தனை துணியும் கறையாயிருமே!"

டிரைவர் தலையில் கை வைத்தார். பஸ்ஸில் பாதிப் பேர் நிட்டிங்காரர்கள். அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். என் காலை மிதித்தவனும் சிரித்தான், இன்னும் மிதித்துக்கொண்டே.