ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

உப்பளமேட்டில் இன்று எத்தனை பேர் வாழ்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் மக்கள்தொகைப் புள்ளியியல் நடத்துகிறேன், ஆனாலும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

அவைத் தலைவரும் குடியிருப்போர் சங்கத் தலைவருமான வல்லரசு அவர்களே, மேடையில் இருக்கும் சுகாதார அலுவலர் அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாவியோ அண்ணன் அவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் தொழிலாளர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் செவிலியர் அடைக்கலமேரி அம்மையாரைத் தியாகி என்றார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தியாகம் என்பது தானாக விரும்பிச் செய்வது. "என்னால் தனியாக முடியவில்லை, இன்னொரு செவிலியரைக் கொடுங்கள், இன்னொரு ஆம்புலன்ஸ் கொடுங்கள்" என்று ஏழு முறை மனு எழுதியவர் தியாகியா? ஏழு முறை கேட்டும் மறுக்கப்பட்டவரைத் தியாகி என்று அழைத்தால், மறுத்தவர்களுக்கு எவ்வளவு வசதி!

இன்னொரு நண்பர், வெளியூர் ஆட்கள் வந்து குவிந்ததால்தான் அம்மையார் வேலைப்பளுவில் இறந்தார் என்றார். அந்த நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருக்கும் நாம் எல்லோரும் எங்கிருந்து வந்தோம்? துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டபோது நம் முன்னோர் வந்தார்கள். எண்ணெய் ஆலையை விரிவாக்க ஆள் தேவைப்பட்டபோது இவர்கள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தார்கள், பீகாரிலிருந்து வந்தார்கள், ராமநாதபுரத்திலிருந்தும் வந்தார்கள். ஆறே ஆண்டுகளில் ஐந்து தெருக்கள் பதினெட்டுத் தெருக்களாகின. குழாய் பதிக்க இவர்கள் வேண்டும். தொட்டி மேல் ஏறி வெல்டிங் வைக்க இவர்கள் வேண்டும். ஆலையின் வருகைப் பதிவில் இவர்கள் இருக்கிறார்கள், தகரக் கொட்டகையின் வாடகைப் பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி என்று வரும்போது மட்டும் இவர்கள் இல்லையா?

இல்லை என்றுதான் கோப்பு சொல்கிறது. கோப்பின்படி உப்பளமேட்டின் மக்கள்தொகை ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பத்தாயிரத்தைத் தொட்டால்தான் இரண்டாவது செவிலியர், இரண்டாவது ஆம்புலன்ஸ். தொடவில்லை, ஆகவே இல்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் மேடையேறினேன். அது நான் கொடுத்த எண்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களோடு இங்கே கணக்கெடுக்க வந்தேன். பகல் பதினோரு மணிக்குக் கொட்டகை கொட்டகையாகப் போய், உள்ளே இருந்தவர்களை எண்ணினோம். ஓர் அறையில் ஆறு பாய், ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு என்று எழுதினோம். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டியபடி வந்த அம்மையார் என் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், தலைய எண்ணிகினு கீற? இது நைட் ஷிப்டு ஜனம். பகல் ஷிப்டு ஜனம் ஆலைக்குப் பூட்ச்சி. இவன் எழுந்தா அவன் வந்து அதே பாய்ல பட்த்துக்குவான். அந்தப் பாய் சூடே ஆறாது."

"அப்போ எப்படி எண்ணுவீங்க?" என்றேன்.

"தட்ட எண்ணு. தல ஷிப்டுக்குப் பூடும், தட்டு எங்கியும் போவாது."

சுவரோரம் பார்த்தேன். பன்னிரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்போதாவது நான் படிவத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால், படித்தவள் அல்லவா? சந்தேகம் கேட்டேன். "ஒருத்தரே ரெண்டு தட்டு வெச்சிருந்தா?"

"ரெண்டு தட்டு வாங்க வக்கு கீறவன் இந்தத் தகரத்துக்குள்ள இன்னாத்துக்கு மேடம் வெந்துகினு கீறான்?"

மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எந்த ஆய்வு நூலிலும் தட்டு ஓர் அலகாக இல்லை. அதனால் அம்மையார் சொன்னதை அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பாகப் போட்டேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் இங்கே பலமுறை வந்திருக்கிறேன். அவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் காலையில் மட்டும் நூற்று நாற்பது குழந்தைகளுக்கு அவர் ஒற்றை ஆளாக ஊசி போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத தாய்மாருக்கு விரலால் நாளையும் கையசைவால் காய்ச்சலையும் புரியவைப்பார். ஒரு சொல்கூட என்னைக் குறை சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் சாவியோ அண்ணன் கோப்பு ஒன்றை என் கையில் கொடுத்தார். அதில் ஏழு மனுக்கள், ஏழு பதில்கள். ஏழு பதில்களிலும் ஒரே வரி: "பேராசிரியரின் கள ஆய்வின்படி." என் பெயரைச் சொல்லித்தான் அவரை ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!

"ஏன் அவர் என்னிடம் சொல்லவில்லை?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேம்மா, அந்த காலேஜி மேடமாண்ட சொல்லேன்னு. 'அது நல்ல பொண்ணு, பேஜாராயிடும், வுடுய்யா'ன்னிச்சி."

சென்ற மாதம் பதினேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அடைக்கலமேரி மூன்றாவது தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்பளமேட்டுக்கு இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அது அப்போது ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அனுப்பிவைத்ததே அம்மையார்தான். அந்தப் பெண் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. அவர்கள்மேல் இங்கே யாருக்கும் வருத்தம் இல்லை. நான்கு வெல்டர்கள் அம்மையாரை ஷேர் ஆட்டோவில் கிடத்திக்கொண்டு கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது; அதற்குள் உயிர் போயிருந்தது. ஐம்பத்து நான்கு வயது!

இதை விதி என்று சொல்லாதீர்கள். இரண்டாவது வண்டி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. இருந்திருக்க வேண்டிய வண்டி இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அது இல்லாமல் போனதில் அலுவலகத்துக்குப் பங்கு உண்டு, எனக்கும் பங்கு உண்டு. அலுவலர் அவர்களே, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். கோப்பைத் திறங்கள், போதும். அம்மையார் இருந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒருவர் போதும் என்று சொன்ன ஊரில் இன்று ஒருவரும் இல்லை!

நாளைக் காலை என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுப்பேன். மாலை ஆறு மணிக்கு முதல் தெருவில் நிற்பேன். அம்மையார் எண்ணியபடியே எண்ணுவோம், அவர் கேட்டதையே கேட்போம். கிடைக்கும்வரை எட்டாவது மனு, ஒன்பதாவது மனு என்று எழுதுவோம். வருகிறவர்கள் வாருங்கள்.

*

இந்த உரையை நினைவு மலருக்குக் கொடுக்கும்போது, மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அலுவலர் விடுப்பில் இருந்தார். "குடுத்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்க ரூல் இல்ல மேடம்" என்றார் எழுத்தர். வற்புறுத்தியதால் கடிதத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். இதை எழுதும்வரை செவிலியர் யாரும் வரவில்லை.

கூட்டத்தில் கைதட்டியவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். மாலையில் வந்தவர்கள், சாவியோ அண்ணனையும் சேர்த்து, பதினொரு பேர். நான்கு தெருக்களை முடித்தோம். அந்த நான்கில் மட்டும் 2,163 பேர். என் அறிக்கையில் அதே தெருக்களுக்கு 1,098.

ஐந்தாவது தெருவில் ஒரு கொட்டகையின் கதவை, அங்கே ஆட்களைத் தங்கவைத்திருக்கும் மேஸ்திரி எங்கள் கண்முன்னே பூட்டினார். "கம்பெனில லெட்டர் வாங்கிகினு வாங்க" என்றார். சாவியோ அண்ணன் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒருவர் தகரத்தைத் தட்டிக் கத்தினார்: "எழுது மேடம்! இருபத்தாறு ஆள் இருக்கு!"

இருபத்தாறு என்று எழுதினேன். பக்கத்தில், 'நேரில் பார்க்கவில்லை' என்றும் எழுதினேன்.