திருப்பி வைத்த சதை

— கட்டப் பிரிச்சதும் மூஞ்சி மாறிப்போச்சே டாக்டரம்மா. இன்னா ஆச்சு?

— பச்சமுத்து, ஊசியால குத்துறேன், ரத்தம் வரல பாருங்க. மூணு நாள் முன்னாடி குத்தினப்போ செக்கச்செவேல்னு வந்தது.

— கருகினாப்ல இல்ல கெடக்குது.

— மணலூர்பேட்டை ரோட்டுல கரும்பு டிராக்டர் ஏறி, எலும்பு வெளியே தெரிஞ்சதே? அதை மூடத்தான் உங்க கெண்டைக்கால் சதையைத் திருப்பி வெச்சோம். அதுக்கு ரத்தம் முழங்காலுக்குப் பின்னாலிருந்து வருது. சரியா அந்த எடத்துல, கட்டுக்குள்ள சொருகி, இது இருந்தது.

— அத்த அவுத்துட்டீங்களா?

— கறுப்புக் கயிறு. கால் வீங்க வீங்க இறுகியிருக்கு. யார் கட்டினது?

— எம் பொண்டாட்டிதாங்க. செவ்வாக்கெழம. கல்ராயன் மலைக்குச் செருப்பில்லாம ஏறிப்போயி மந்திரிச்சிக்கினு வந்தா.

— இறுக்கினது தெரியலையா உங்களுக்கு?

— வலி தெறிச்சிதுங்க. அவ பாதத்தப் பாத்தேன், கொப்புளம் கொப்புளமா. அவுத்துடுன்னு சொல்ல வாய் வரல.

— சிஸ்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

— வேற சதய வெச்சி மூட முடியாதுங்களா?

— மத்ததெல்லாம் சக்கரத்துலயே நசுங்கிப்போச்சு. உருப்படியா இருந்தது இது ஒண்ணுதான். எலும்புலயும் சீழ் ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழே எடுத்தாத்தான் உயிர் தங்கும்.

— கரும்பு வெட்டறவனுக்குக் கால் இல்லன்னா... சரி வுடுங்க. ஒரே ஒரு ஒதவி. பீடி குடிச்சதால கெட்டுப்போச்சின்னு அவகிட்ட சொல்லுங்க. பீடி குடிச்சா சதைக்கு ரத்தம் போவாதுன்னு நீங்கதான சொன்னீங்க.

— ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து நீங்க தொடவே இல்லையே!

— அது அவளுக்குத் தெரியாதுங்க. பீடின்னா என்னத் திட்டித் தீத்துடுவா. கயிறுன்னா... வோணாம் டாக்டரம்மா. அவ தாங்க மாட்டா.

— என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க.

— கதவாண்ட வந்துட்டா பாருங்க.

— உள்ள வரலாங்களா டாக்டரம்மா? இன்னா, ரெண்டு பேரும் பேயறஞ்சாப்ல கீறீங்க?

— வாங்க குஞ்சம்மா. அவர் காலைக் காப்பாத்த முடியலம்மா. எடுத்துத்தான் ஆகணும். அவர்... பீடி குடிச்சிருக்கார்.

— அடப்பாவி மனுசா! தலப்பாடா அடிச்சிக்கினனே! நான் மலையேறி வந்ததயெல்லாம் பொகையா ஊதிட்டியே!

— ஆமாண்டி. தப்புதான்.

— அழுவாதய்யா. அழுவாத... டாக்டரம்மா, நான் கட்டின கயிறு எங்கங்க? அத்தக் குடுங்க. இருக்கிற காலுலயாவது நல்லா இறுக்கிக் கட்டி வுடறேன்.