மோகுரின் பேசக்கூடாது

இல்லல்ல, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. வாலு அடியில மாட்டிக்கிச்சு போலருக்கே, பரவால்லையா? சரி சரி, மண்டைய ஆட்டுனா போதும். பொம்மைத் தலைய மாட்டிக்கிட்டா மோகுரின் வாயத் திறக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா நானும் இதே டிவி ஷோவுலதானே குப்பை கொட்டுறேன்.

என்னை அடையாளம் தெரியுதுல்ல? ஓனுகி. படிப்படியா நாற்காலி போட்டிருப்பாங்களே, அதுல மேல் படி, கடைசி ஓரம். ஹொரோமி வீடியோ கேம்ல வர்ற புதுப் பிராணி எதையாச்சும் திரையில காட்டுவாங்க, மூலையில ஒரு சின்னக் கட்டத்துல ஒருத்தன் ஹேஏஏன்னு வாயப் பொளப்பான். அந்த வாய் என்னோடது. நாலு விநாடி வரும். நல்லாப் பொளந்தா அஞ்சு.

கேப்டனா? அவரை விடுங்க, அவரைத் தெரியாத புள்ளை உண்டா இந்த நாட்டுல. ஞாயித்துக்கிழமை காலையில பல்லுகூட வெளக்காம டிவி முன்னாடி உக்காந்துருதுங்க. அந்த மகராசன் ஹிபினோ என் காமெடி ஜோடிக்காரன்தாங்க. தந்திக்கம்பம்னு எங்க ஜோடிக்குப் பேரு, ரெண்டு பேரும் அப்ப அவ்வளவு ஒல்லி. மேடையில அவன் எதையாச்சும் உளறுவான். என்னடா உளர்றேன்னு நான் அவன் மண்டையில ஒண்ணு போடுவேன். ஜனம் சிரிக்கும். பதினாலு வருஷமா அதுதான் எங்க சோறு.

இந்த ஷோவுக்கு முதல்ல கூப்பிட்டது என்னைத்தான், தெரியுமா? ஆமாங்க. ஹொரோமி விளையாட்டை சின்ன வயசுலேருந்து விளையாடுனவன் நான். அவனுக்கு எந்தப் பட்டனை அமுக்கணும்னுகூடத் தெரியாது. சும்மா கூட வாடான்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். முதல் நாளு, ஏதோ ஒரு தவளை மாதிரி பிராணிய தட்டுத்தடுமாறி ஜெயிச்சான். ஜெயிச்சவன் என்ன பண்ணான்? கன்ட்ரோலரைக் கீழ வெச்சிட்டு, எந்திரிச்சு நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, கஷ்டப்படுத்திட்டேன் மன்னிச்சுக்கோங்கன்னு டிவியப் பாத்து ஒரு கும்பிடு போட்டான். தவளைக்கு! நான் வழக்கம்போல மண்டையில போட்டேன். ஸ்டூடியோவே உருண்டு சிரிச்சுது.

மறுவாரம் அவனுக்குத் தொப்பி குடுத்தாங்க, கேப்டன்னாங்க. எனக்கு மேல் படி.

அதுகூடப் போவுதுங்க. அப்புறம் கேம் கம்பெனியிலேருந்து ஒருத்தர் வந்தாரு. ரொம்ப மரியாதையான மனுஷன், இனிப்புப் பெட்டியோட வந்தாரு. கேப்டன் தலையில இனிமே தட்ட வேணாம், குழந்தைங்க பாத்து பழகிக்கும்னாரு. தட்டுறதுதாங்க என் தொழிலே! சமையல்காரன்கிட்ட அடுப்ப மட்டும் பத்த வைக்காதேன்னா அவன் என்ன பண்ணுவான்? சரிங்கன்னு குனிஞ்சு இனிப்ப வாங்கிக்கிட்டேன். என்ன பண்ணியும் அந்த இனிப்பு எனக்கு உள்ள எறங்கல.

பொறாமையான்னா கேக்குறீங்க? பின்ன? வயிறு எரியுதுங்க. இல்லைன்னு சொன்னா வாய் அழுகிப் போயிடும்.

போன மாசம் எகோடாவுல ஒரு ராமென் நூடுல்ஸ் கடை. பைசாவுக்கு வழியில்லாத காலத்துல ஒரு கிண்ணத்த ரெண்டா பங்கு போட்டுத் தின்ன கடை. ஹிபினோவும் நானும் போறோம். கடைக்காரர் ஓடியாந்தாரு, கையெழுத்துப் போட வெள்ளை அட்டையோட. எனக்கு மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி. கேப்டன்கிட்ட அட்டைய நீட்டிட்டு, போனை என்கிட்ட நீட்டுறாரு, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க தம்பின்னு. எடுத்தேன். ரெண்டு எடுத்தேன், ஒண்ணுல அவன் கண்ண மூடிட்டான்னு.

எங்கம்மா நீகாத்தாவுலேருந்து போன் பண்ணா என்ன கேக்குறாங்க? ஹிபினோ தம்பி இளைச்சிட்டானே, நேரத்துக்கு சாப்பிடுறானான்னு. பெத்த வயிறுங்க அது! எம்பொண்ணு கொஹாரு இருக்கா, அஞ்சு வயசு. கேப்டன் தொப்பியப் போட்டுக்கிட்டுதான் தூங்குவா. போன வாரம் கேக்குறா, அப்பா, நீங்க கேப்டன்கூடப் பேசியிருக்கீங்களான்னு. பேசியிருக்கேன்டா கண்ணுன்னேன். அவர் உங்களுக்குப் பதில் சொன்னாரான்னு கேட்டா.

எங்க சொல்றான்? அதான் விஷயமே. டிசம்பர்ல காமெடி ஜோடிப் போட்டி வருது. சேந்து பதினஞ்சு வருஷம் வரைக்கும்தான் அந்த மேடையில ஏற விடுவாங்க. எங்களுக்கு இந்த வருஷத்த விட்டா கெடையாது. அதுல ஜெயிக்கணும்னுதாங்க ரெண்டு பேரும் ஊரை விட்டு வந்தோம். பொழுதன்னைக்கும் ஆத்துப் பாலத்துக்கு அடியில, தூணைப் பாத்து நின்னு பேசிப் பழகுவோம். இந்த வருஷம் தூணு இருக்கு, நான் இருக்கேன். அவன் வரல. இன்னைக்கு ஹொரோமி கார்டு கடைத் திறப்பு விழா, நாளைக்கு ஒகினாவாவுல ஷூட்டிங். அவன் பங்கையும் நானே பேசிக்கிட்டு, என் மண்டையில நானே போட்டுக்கிட்டு நின்னேன். நாயக் கூட்டிக்கிட்டு நடக்க வந்த அம்மா ஒருத்தங்க பயந்து வேற வழியா போயிட்டாங்க.

என்ன, நெளியுறீங்க? வேர்க்குதா? இருங்க, விசிறி விடுறேன்.

அந்த டிஷ்யூ பெட்டியப் பாக்காதீங்க. உள்ள இருந்த கேமராவ வந்ததுமே செவுரு பக்கம் திருப்பி வெச்சிட்டேன். பூச்சாடியில இருந்த மைக்கு என் பாக்கெட்டுல இருக்கு, வயர உருவிட்டேன். ஜோடிக்காரனப் பத்தி ஓனுகி முதுகுக்குப் பின்னாடி என்ன பேசுவான்னு பாக்கலாம்னு ஒரு ஐடியா, இல்ல? எல்லா ஷோவுலயும் பண்றதுதான். நல்லா வந்திருந்தா எனக்கும் ஒரு மூணு நிமிஷம் கெடச்சிருக்கும்.

தலையில கை வைக்காத. கழட்டாதடா ஹிபினோ. கதவு தொறந்துதான் இருக்கு, வெளிய புள்ளைங்க வரிசையா நிக்குது. மோகுரின் கழுத்துக்கு மேல உன் மூஞ்சியப் பாத்தா அதுங்க என்னத்துக்கு ஆவும்? உக்காரு. பதினாலு வருஷத்துல நான் பேசி நீ பேசாம இருக்குறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் அனுபவிச்சிக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறியா? வாலு. வழக்கமா இதுக்குள்ள இருக்கிற சயாமா அக்கா உக்காரும்போது முதல்ல வாலை எடுத்து மடியில வெச்சிக்குவாங்க, கைக்குழந்தைய வெச்சிக்கிற மாதிரி. நீ மெத்தை கணக்கா அது மேலயே உக்காந்துட்ட.

அவங்களப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? மூணு வருஷமா உன்னைக் கட்டிப் புடிச்சு ஆடுறாங்க, அவங்க பேரு சயாமான்னே இப்பதான் உனக்குத் தெரியும், இல்லையா? தலைக்குள்ள இருக்கிற வரைக்கும் மூச்சு விட மாட்டாங்க. கழட்டிட்டாங்கன்னு வையி, யப்பா, அப்படி ஒரு வாய்! இருவது மோகுரினுக்குச் சேத்து வெச்ச பேச்சு. உளறுறாங்க பாரு, சுத்தமான உளறல், உனக்கு அந்தக் காலத்துல வருமே, அத விட நல்லா. மண்டையில தட்டுனா ஒரு சத்தம் வருது, அடடா.

ம்ம், பாலத்துக்கு அடியிலதான். செர்ரிப் பூ பூத்த சமயத்துலேருந்து வர்றாங்க.

போட்டிக்குப் பேர் குடுத்தாச்சுடா. அவங்களும் நானும். புது ஜோடின்னு கணக்காம், பதினஞ்சு வருஷம் முழுசா இருக்காம் எங்களுக்கு. தந்திக்கம்பம் போதும், கலைச்சிடுங்கன்னு ஆபீசுல காலையிலயே சொல்லிட்டேன். உன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், நீயே வந்து உக்காந்துட்ட.

இந்தா, கதவத் தட்டுறாங்க, போ. கைய ஆட்டிக்கிட்டே போ, புள்ளைங்க பாக்கும்.

டேய்... என்னடா தோளு குலுங்குது. அழுவுறியா? தலைக்குள்ள ஈரம் பண்ணாதடா, அடுத்த வாரம் அவங்க அதைத்தான் மாட்டிக்கணும்.