சாவிச் சத்தம்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரஞ்சு மிட்டாய்தான் பிடிக்கும் என்று கடைக்காரர் நினைக்கிறார். எங்கள் அக்கா மகளுக்குப் பச்சைதான் பிடிக்கும். டப்பாவைக் கவிழ்த்துப் பச்சையை மட்டும் பொறுக்குவேன். அவருக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் விடமாட்டேன். பிள்ளை வளர்க்கப் பொறுமை வேண்டும், மேடம். அது என்னிடம் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். வகுப்பில் பதில் சொன்னவர்களின் சட்டையில் டீச்சர் நட்சத்திரம் ஒட்டுவார். சொல்லாதவர்கள் கதவோரம் முட்டி போட வேண்டும். எனக்குப் பதில் தெரியும், வாய்தான் வராது. முட்டி போட்டுப் போட்டு, வராந்தாவில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே என் கால்கள் தாமாக மடங்கப் பழகிவிட்டன. அங்கே நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அக்காவுக்குத் துணி ஆலையில் வேலை. அத்தான் சரக்குக் கிடங்கில் சாவிப் பொறுப்பு. பகல் முழுக்க வீட்டில் பாப்பாவும் நானும் மட்டும். யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். அதைவிட நல்ல வாழ்க்கை எனக்கு எங்கே கிடைக்கும்?

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வருவார். வாசலிலேயே, "என்ன ஊமைக்கோட்டான், இன்னிக்காவது நாலு வார்த்தை பேசினியா, இல்ல நாளைக்குன்னு சேத்து வெச்சிருக்கியா?" என்பார். பாப்பா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்: "இவ இப்படியே அடைஞ்சு கிடந்தா வீணாப் போயிடுவா. தையல் பள்ளியில சேத்துடலாம். அங்கேயே தங்கிப் படிக்கட்டும். பாப்பாவ நாம எப்படியாவது பாத்துக்கலாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பரணில் பழைய சாவிகள் கிடந்தன. ஒரு வளையத்தில் கோத்துக்கொண்டேன். பகலில் அதைக் குலுக்குவேன். உடனே பாப்பா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்த வேண்டும். குந்தினால் பச்சை மிட்டாய். சிரித்துக்கொண்டு நின்றால் குளியலறை. விளக்கை அணைத்து வெளியே தாழ்ப்பாள் போடுவேன். அழுகை நின்ற பிறகுதான் திறப்பேன். அழும்போது திறந்தால் அழக் கற்றுக்கொள்வாள். ஒருமுறைகூட அவளை அடித்ததில்லை. கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அப்புறம் சில தடவை மிட்டாய் கொடுக்காமல் விட்டுப் பார்த்தேன். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோதுதான் இன்னும் ஒழுங்காகக் குந்தினாள்.

ஒரு மாலை அத்தான் உள்ளே வந்தார். சாவி குலுங்கியது. பாப்பா தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"என்னடி, அப்பாவப் பாத்தா பூச்சாண்டி மாதிரியா இருக்கு?" என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து குளிப்பாட்டும்போது அக்கா பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு ஒன்றும் இல்லை. அதுவே அவளை இன்னும் கலக்கியது. "அடையாளம் தெரியாம அடிக்கிறாரா? நீ ஏதாவது பாத்தியாடி?" என்று என்னிடம் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் சொல்லவில்லை, மேடம். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் நிற்பேன்.

மாடி வீட்டு அம்மா படியிறங்கி வந்து, "பாத்தா பசு மாதிரி இருக்காரு. இந்த மாதிரி ஆளுங்களத்தான் நம்பவே கூடாது" என்று அக்காவின் காதில் ஓதினார். கடைசியில் அத்தானுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "தூக்கத்துல நான் ஏதாவது பண்றேனா?" என்று என்னிடமே கேட்டார். தையல் பள்ளிப் பேச்சு நின்றுபோயிருந்தது.

பிறகு ஒருநாள் தெருவில் வைத்து அவர் பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினார். இடுப்பில் சாவி குலுங்கியது. அவள் அலறிக்கொண்டு குந்தினாள். மாடி வீட்டு அம்மா கூச்சல் போட, நாலு பேர் ஓடிவந்து அவரைப் பிடித்து அடித்தார்கள். வலது கையை இனித் தூக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்கிறார்களாம்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து விசாரிக்க நீங்கள் வந்தீர்கள். அத்தான் வீட்டிலேயே இல்லை. வண்டிச் சாவியை மேசைமேல் போட்டீர்கள். பாப்பா தலையை மூடிக்கொண்டு குந்தினாள். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். நீங்கள் அந்தக் கையைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அத்தனை ஒழுங்காகச் செய்தவளுக்குக் கொடுக்க என்னிடம் மிட்டாய் இல்லை. எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

ஆமாம், நான்தான் பழக்கினேன். அவளை என்னிடமிருந்து பிரிக்க வேண்டும் என்கிறீர்கள். யோசித்துச் செய்யுங்கள், மேடம். என்னிடம் அவளுக்குத் துளியும் பயம் கிடையாது. குளியலறைக் கதவைத் திறந்தால் போதும், நான் எதுவும் சொல்லாமலே தானாக உள்ளே போய் நின்றுகொள்கிறாள்.